நாற்பத்திரண்டு பிளாஸ்திரிக்கும் மஞ்சள்

என் காலில் ஏறின குண்டூசி என் கடையுடையதுதான். அதனால் யார் மேலும் வழக்குப் போட முடியவில்லை.

தி.நகரில் எனக்கு ஒரு மேட்சிங் சென்டர். ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை, இவ்வளவுதான் சரக்கு. புடவை விற்கிறவன் நாலு மாடி கட்டி ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தப் புடவைக்கு ஒத்த நிறத்தில் ஒரு மீட்டர் கிழித்துக் கொடுக்கிறவன் நான். பச்சை என்று கேட்டால் என்னிடம் அறுபது பச்சை உண்டு. அறுபதையும் புரட்டிவிட்டு, புடவையை ரோட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுலயே இன்னும் கொஞ்சம் கிளிப்பச்சையா இல்லையா?" என்று கேட்கிற மயிலாப்பூர் மாமிகளை முப்பது வருஷமாகச் சமாளிக்கிறேன். அதற்காக என்னைப் பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். முகத்தை மட்டும் பொறுமைசாலி மாதிரி வைத்துக்கொள்ளத் தெரியும், அவ்வளவுதான்.

கடைக்குள் செருப்பு கிடையாது. தரையில் மெத்தை, மெத்தை மேல் வெள்ளை விரிப்பு, விரிப்பு மேல் துணி. துணி என்றால் லட்சுமி. எங்கள் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இந்தக் கடையைப் போட்ட நாளிலிருந்தே அந்தச் சட்டம். காலையில் வாசலில் செருப்பைக் கழற்றினால் கடை பூட்டும்போதுதான் மறுபடி மாட்டுவேன். நடுவில் நான் மிதிக்கிற தரையில் நூல், துணித் துண்டு, பொத்தான், குண்டூசி எல்லாம் உண்டு.

சர்க்கரை எனக்குப் பதினைந்து வருஷமாக இருக்கிறது. கால் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போனது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. நாள் பூராவும் நின்றாலும் வலிக்காது. வலிக்காததையெல்லாம் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் முடிந்து ஒருநாள் மந்தைவெளி வீட்டுக்குப் போனேன். என் மனைவி மொசைக் தரையைப் பார்த்துவிட்டு, யார் இங்கே குங்குமத்தைக் கொட்டினது என்றாள். வாசலிலிருந்து சோபா வரைக்கும் வரிசையாக ஒற்றைக் காலின் சுவடு. கிருஷ்ண ஜெயந்திக்கு இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள யார் வந்தது என்று நான் ஜோக் வேறு அடித்தேன். அவள் குனிந்து என் வலது காலைத் தூக்கி, பெருவிரலின் அடியிலிருந்து ஒரு முழு குண்டூசியை உருவினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஸ்ஸ்" என்றவள் அவள்தான்.

அந்த ஓட்டை மூடவே இல்லை. மூடாததோடு, பெரியதாகிக்கொண்டே வந்தது. என் மச்சினன், அதாவது இவளுடைய தம்பி, தினம் ஒரு வைத்தியம் அனுப்பினான். ஒரு நாள் வேப்பிலை, ஒரு நாள் தேன், ஒரு நாள் கருஞ்சீரகம். என் விரல் ஒரு மாசம் நாட்டு மருந்துக் கடை வாடை அடித்தது. கடைசியில் அடையாறில் ஒரு அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் போனோம். அவர் காலைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, நான் லைனிங் கிழிக்கிற மாதிரி அசால்ட்டாகச் சொன்னார். விரலுக்கு ரத்த ஓட்டம் போதவில்லையாம். ஆறு வாரம் பார்ப்பாராம். ஆறாவிட்டால் பெருவிரலை எடுத்துவிடுவது நல்லதாம், காத்திருந்தால் பாதத்தையே கேட்குமாம்.

பயந்துவிட்டேன். வெளியே சிரித்துக்கொண்டேதான் வந்தேன், ஆனால் ஆட்டோக்காரன் கேட்ட காசுக்குப் பேரம் பேசாமல் ஏறிவிட்டேன். நின்று பிழைக்கிறவனுக்குப் பெருவிரல் என்றால் சும்மாவா? கடையில் என் அப்பா நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். உட்கார்ந்து வியாபாரம் பண்ணினால் மேல் தட்டுத் துணியை யார் எடுப்பது? அன்று ராத்திரி இவள் காலண்டரில் ஆறாவது வாரத்தின் கடைசி நாளைப் பேனாவால் வட்டம் போட்டாள். அந்த வட்டத்தைத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டுதான் காபி குடித்தேன்.

மச்சினனுக்கு எல்லா இடத்திலும் ஆள் உண்டு. பெருங்குடியில் ஒரு சின்னக் கம்பெனி, ஆறாத காயத்துக்குத் தோல் வழியாக ஒரு வாயுவை ஏற்றுகிறார்களாம், புது மருந்து, சோதனைக்கு ஆள் எடுக்கிறார்களாம். "வாயுவா? அது எனக்கு நிறையவே இருக்கே" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அக்காவிடம் நேராகப் பேசி, ராயப்பேட்டையில் ஒரு கால் டாக்டரின் கிளினிக்குக்கு எங்களை அனுப்பிவிட்டான்.

அங்கே டாக்டரோடு கம்பெனியின் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயசிருக்கும். கையில் டேப்லெட், வாயில் ஓயாத அங்கிள், ஆன்ட்டி. ஒரு கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடியைக் காட்டினாள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பொடியாம். ஒரு ஸ்பூன் பொடிக்குள் இருக்கிற துளைகளையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு மைதானத்தையே மூடலாமாம். அப்படி ஒரு பொடியைத் தி.நகர் முழுக்கத் தூவினால் பார்க்கிங் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்றேன். அவள் மரியாதைக்குச் சிரித்துவிட்டு மேலே சொன்னாள். அந்தத் துளைகளுக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அடைத்து, பொடியைத் துணி மாதிரி ஒரு பேட்சில் பதித்திருக்கிறார்கள். காயத்தின் ஈரம் பட்டதும் வாயு மெல்ல மெல்ல வெளியே வந்து தோலுக்குள் போகும். சுருங்கின ரத்தக் குழாய் விரியும், கிருமி சாகும், காயம் மூடும்.

வண்டிப் புகையில் வருவதும் அதே வாயுதானே, பேப்பரில் படித்திருக்கிறேனே என்று கேட்டேன். ஆமாம் என்றார் டாக்டர். அப்படியானால் உஸ்மான் ரோடில் சிக்னல் பக்கம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே போதுமே, எதற்கு பெருங்குடி வரைக்கும் என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உப்பு கடல்லயும் இருக்கு, சாம்பார்லயும் இருக்கு சார். அளவுதான் மருந்து" என்றார்.

அடுத்து அந்தப் பெண் சொன்னதுதான் முக்கியமான விஷயம். பாக்கெட்டைப் பிரித்த கையோடு ஒட்ட வேண்டும், முன்கூட்டிப் பிரிக்கவே கூடாது, நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரமே போதும், துளைக்குள் இருக்கிற வாயு முழுக்க வெளியேறிவிடும், அப்புறம் அது வெறும் துணி. இப்படிச் சொன்னாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சொல்லும்போது நான் கிளினிக் வாசலில் நின்று ஈரோட்டுக்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளி சரக்கில் அரக்கு நிறம் வரவில்லை. உள்ளே இவள் ஒரு ரூல் போட்ட நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நான் திரும்பி வந்து, இருபது பக்கப் படிவத்தில் லாரி ரசீதில் போடுகிற வேகத்தில் கையெழுத்துப் போட்டேன். விலாசம் என்று கேட்ட இடத்தில் கைப்பழக்கத்தில் கடை ரப்பர் ஸ்டாம்பைக் குத்திவிட்டேன்.

அதனால் பெட்டி கடைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெளியே ஐப்பசி மழை. ஈரோட்டு மூட்டை வந்த அதே மூன்று சக்கர மீன்பாடி வண்டியில், எங்கள் தெருவுக்கெல்லாம் சரக்கு இறக்குகிற ஆள் அதையும் எடுத்துக்கொண்டு வந்தான். பெட்டியில் என்ன என்று கேட்டான். காயத்துக்கு வாயு வைக்கிற பிளாஸ்திரி என்றேன். "இன்னா நைனா, காத்து வுட்டா காயம் ஆறிடும்னா பஞ்சர் கடையாண்ட காட்டிக்கினு போயேன்" என்றான். இவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதை அடுத்த அரை மணியில் காட்டினேன்.

கடைக்கு வருகிற சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கி வைக்கிறவன் வியாபாரியே இல்லை. மேல் பண்டல் பட்டாக இருக்கும், உள் பண்டல் சல்லடையாக இருக்கும். ஆகவே நாற்பத்திரண்டு பாக்கெட்டையும் கத்தரிக்கோலால் மேல் ஓரம் நேர்கோடாக வெட்டிப் பிரித்தேன். ஒவ்வொன்றாக விரலில் தடவிப் பார்த்தேன். நெசவில்லாத துணி, தேய்த்தால் சாக்பீஸ் மாதிரி நறநறவென்றது. பரவாயில்லை, எல்லாம் ஒரே தரம். எண்ணிக்கையும் சரி.

அடுத்தது மஞ்சள். புதுத் துணி எதுவானாலும் ஓரத்தில் மஞ்சள் வைத்து லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் எங்கள் கடையில் கைமாறும். புதுச் சட்டைக்கு மஞ்சள் வைக்கிறவன் கவர் மேல் வைப்பானா? வைத்தால் புண்ணியம் கவருக்குத்தான். ஆகவே நாற்பத்திரண்டு பிளாஸ்திரிக்கும், காயத்தில் படாத முதுகுப் பக்கம் ஒரு மூலையில், மோதிர விரலால் ஒரு புள்ளி வைத்தேன். தட்டில் அடுக்கி, படத்துக்கு முன்னால் வைத்து, சாம்பிராணி போட்டு, விரல் நல்லபடியாக நிற்க வேண்டும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். லேசாகப் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு வாடை. தீபாவளி நெருங்குகிறதே, தெருவில் யாரோ கொளுத்துகிறான் என்று நினைத்தேன். மழையில் எவன் பட்டாசு கொளுத்துவான் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

பூஜை முடிந்ததும் கடையில் கவர் ஒட்டுகிற மிஷினில் எல்லாப் பாக்கெட்டையும் திரும்ப ஒட்டினேன். கம்பெனிக்காரனை விட என் ஒட்டு நேர்த்தி. பாக்கெட் ஒரு நகக்கண் அளவு குட்டையாகிப் போனது தவிர வித்தியாசமே தெரியாது. வீட்டுக்கு எடுத்துப் போய் இவளிடம் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து தினம் காலையில் இவள் முக்காலி போட்டு என் காலடியில் உட்கார்ந்தாள். உப்புத் தண்ணியால் கழுவுவாள், ஒத்தி எடுப்பாள், பாக்கெட்டைப் பிரிப்பாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவாள், நோட்டில் நேரம் எழுதுவாள். முதல் நாளே அந்தப் புள்ளியைக் கவனித்துவிட்டாள். எந்தப் பக்கம் வெளியே வரணும்னு கம்பெனிக்காரங்க எவ்வளவு விவரமாப் புள்ளி வெச்சிருக்காங்க பாருங்க என்று மெச்சினாள். நான் வைத்த மஞ்சள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மருந்தில் போய் ஏன் கை வைத்தீர்கள் என்பாள். எதற்கு வம்பு என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் அளவெடுக்க வீட்டுக்கு வந்தாள். காயம் ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை, ஓரம் கொஞ்சம் கறுத்திருந்தது. அவள் முகம் சின்னதாகிவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு வாரத்தில் ஓரத்தில் சிவப்புத் தட்டிவிட்டதாம். இவளை உட்காரவைத்து ஒவ்வொரு படியாகக் கேட்டாள். இவள் நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். கடைசியில், மஞ்சள் புள்ளி வெளியே தெரிகிற மாதிரிதான் ஒட்டுகிறேன் என்றாள்.

பேட்சில் மஞ்சள் புள்ளியே கிடையாதே என்றாள் அந்தப் பெண். அன்று காலை கழற்றிப் போட்டதைக் குப்பைக் கவரிலிருந்து எடுத்து மோந்து பார்த்தாள். "ஆன்ட்டி, இது மஞ்சத்தூள். சமையல் கையோட தொட்டுட்டீங்களா?" என்றாள்.

இவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுவிட்டுத்தான் தொட்டேன் என்று நினைக்கிறேன் என்றாள். அந்த நினைக்கிறேன் போதுமாக இருந்தது. பராமரிப்பவர் கை சுத்தம் சரியில்லை என்று டேப்லெட்டில் ஏறிவிட்டது. அதோடு அந்தப் பெண் பாக்கெட் விதியை மறுபடி ஒரு முறை நிதானமாகச் சொன்னாள். ஒட்டுவதற்கு முன்னால் பிரித்தால் வாயு போய்விடும், அப்புறம் வெறும் துணி. நான் அதை முதல் தடவையாகக் கேட்டேன். என் விரலுக்கென்று பெருங்குடியில் அடைத்து அனுப்பின நாற்பத்திரண்டு நாள் வாயுவையும் ஒரே சாயங்காலத்தில் லட்சுமி படத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தப் படத்துக்கு ரத்த ஓட்டம் பிரமாதமாக இருந்திருக்கும்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சொன்னால் சோதனையிலிருந்து தூக்கிவிடுவார்கள், அப்புறம் விரலுக்கு வேறு வழியில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், தி.நகரில் சரக்குக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று இவளிடம் முப்பது வருஷமாக ஜம்பம் அடித்தவன் நான். ஒரு மோதிர விரலால் என் பெருவிரலுக்கு நானே உலை வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் புளுகக்கூட இல்லை, சும்மா இருந்தேன். அதற்கும் எட்டு நாள்தான் தவணை போலிருக்கிறது.

அந்த எட்டு நாளில் வீட்டில் மஞ்சள் நின்றுபோனது. இவள் சமையல் அலமாரியிலிருந்து மஞ்சத்தூள் டப்பாவை எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். சாம்பார் வெளுத்து வந்தது, பொரியல் வெளுத்து வந்தது, ரசம் வெந்நீர் மாதிரி வந்தது. கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு காலைத் தொட்டாள். அதற்கும் மேலே, கல்யாணமான நாளிலிருந்து குளிக்கும்போது பூசுகிற முகத்து மஞ்சளையும் நிறுத்திவிட்டாள். காலையில் என் காலடியில் குனிந்து உட்காருகிற அந்த முகம் யாரோ மாதிரி இருந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

கேட்பதற்குப் பதில் மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டேன். கம்பெனிக்குப் போன் பண்ணி, பெட்டியில் எலி புகுந்துவிட்டது, வேறு பெட்டி வேண்டும் என்றேன். எலி கடித்ததைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் அங்கிள், பதிவுக்கு வேண்டும் என்றாள் அந்தப் பெண். இரண்டு பாக்கெட்டை இவளுக்குத் தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் கல்லா மேஜைக்குக் கீழே குனிந்து கத்தரிக்கோலால் எலி மாதிரி வெட்டப் பார்த்தேன். வாழ்நாள் பூராவும் நேராக வெட்டின கை. எலி கடித்தது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியவில்லை, கத்தரிக்கும் தெரியவில்லை. கடைசியில் பல்லால் கடித்துப் பார்த்தேன். ஒரு மாமி மாந்தளிர் நிறத்துக்குத் துணி கேட்டு உள்ளே வந்தவள், முதலாளி மேஜைக்குக் கீழே வெள்ளிக் காகிதத்தைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போய்விட்டாள். போட்டோவை அனுப்பினேன். எலி இவ்வளவு நேராகக் கடிக்குமா என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் வீடு தலைகீழாகக் கிடந்தது. அலமாரித் துணியெல்லாம் தரையில். கட்டிலை நகர்த்திப் போட்டிருந்தாள். நடுவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோட்டில் இருக்கிற எண்ணிக்கைக்கு இரண்டு பாக்கெட் குறைகிறதாம். மத்தியானத்திலிருந்து தேடுகிறாளாம். மஞ்சளும் என் கைதான், தொலைத்ததும் என் கைதான், அந்தப் பொண்ணிடம் என்ன சொல்வேன், உங்க விரலை நானே வாங்கிவிடுவேன் போலிருக்கே என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அழுதாள். சத்தம் போட்டு அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

சட்டைப்பையிலிருந்து அந்த இரண்டு பாக்கெட்டையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். என் பல் பதிந்த இரண்டு பாக்கெட். வெள்ளிக்கிழமை, கத்தரிக்கோல், மஞ்சள், சாம்பிராணி, ஒட்டுகிற மிஷின், எலி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். உட்கார எனக்குத் தகுதி இருந்த மாதிரி தோன்றவில்லை.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டு நாளா குழம்புல மஞ்சள் போடலை, மூஞ்சில மஞ்சள் பூசலை. ஏன்னு ஒரு நாள்கூட நீங்க கேக்கலையே?"

நான் குனிந்து தரையில் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

அவளே என் போனை வாங்கி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். தப்புப் பண்ணியது இவர்தான், எல்லாப் பாக்கெட்டையும் முதல் நாளே பிரித்துவிட்டார், என் கை சுத்தமில்லை என்று எழுதியதை முதலில் அடித்துவிடுங்கள், அடித்த பிறகு விரலைக் காப்பாற்ற என்ன வழி என்று சொல்லுங்கள் என்றாள். நிதானமாக, ஒரு சொல்கூட உயர்த்தாமல். அந்தப் பக்கம் டேப்லெட்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், அடித்துவிட்டேன் ஆன்ட்டி, மன்னித்துவிடுங்கள் என்றாள்.

பெருங்குடியில் எனக்காக ஒரு மீட்டிங்கே நடந்ததாம். இத்தனை படித்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, நோயாளி மருந்தை லட்சுமிக்குப் படைத்துவிட்டால் அதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஒரு மணி நேரம் பேசினார்களாம். அதற்குக் கட்டமே இல்லை. என்னைச் சோதனையிலிருந்து நீக்கினார்கள். ராயப்பேட்டை டாக்டர்தான் விடாமல் பேசி, கணக்கில் சேராத ஆளாகப் புதுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெட்டியின் ஒவ்வொரு பாக்கெட்டிலும் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு புது வரி ஒட்டியிருந்தது: முன்கூட்டிப் பிரிக்காதீர்கள், பூஜையில் பிரித்து வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்து நான் மருத்துவ உலகத்துக்குச் செய்த ஒரே தொண்டு அதுதான்.

புதுப் பெட்டியை நான் தொடவில்லை. இவள் பிரித்த கையோடு ஒட்டினாள். நாலாம் நாள் ஓரத்தில் இளஞ்சிவப்பு தட்டியது. என் கடையில் இருக்கிற எல்லாச் சிவப்பையும் எனக்குத் தெரியும், அந்தச் சிவப்பு அதுவரை என்னிடம் இல்லை. மூன்று வாரத்தில் விரலின் அடியில் இருந்த காயம் பாதிக்கு மேல் மூடிக்கொண்டது. ஆனால் வீணாய்ப் போன நாட்களில் விரல் நுனி கறுத்துப்போயிருந்தது. அந்தக் கறுப்பு திரும்பவில்லை.

காலண்டரில் வட்டம் போட்ட நாளைக் கெஞ்சி மூன்று வாரம் தள்ளி வாங்கியிருந்தோம், அதுவும் முடிந்து அடையாறு டாக்டரிடம் போனோம். முழு விரல் என்று ஆரம்பித்தவரிடம் நான் பேரம் பேசினேன். பழக்கதோஷம். மூடின காயத்தைக் காட்டி, அடியில் ரத்தம் ஓடுகிறதே, நுனியை மட்டும் எடுங்களேன் என்றேன். அவர் அழுத்திப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கடைசியில் மேல் கணுவோடு நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார். வீணாய்ப் போன முதல் மூன்று வாரமும் வாயு சரியாகப் போயிருந்தால் நுனியும் நின்றிருக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். அப்படிச் சொல்கிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன், அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

குழம்புக்கு மஞ்சள் அந்தப் போன் பேசின மறுநாளே திரும்பிவிட்டது. இவள் முகத்துக்குத் திரும்பவில்லை. இந்த முறை கேட்டேன். விரல் ஆறட்டும் என்று மட்டும் சொன்னாள்.

தையல் பிரித்து, தழும்பு காய்ந்து, தை மாசம் மறுபடி கடைக்குக் கிளம்பினேன். வெறுங்காலோடு இனி ஓர் அடிகூட வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் செருப்பு வேண்டும் என்று இரண்டு டாக்டரும் சொல்லிவிட்டார்கள். விரல் நுனி இருந்த இடத்துக்கு மெத்தென்று ஒன்று வைத்துத் தைத்த செருப்பை இவள் வாங்கி வைத்திருந்தாள். வீட்டுக்குள் போட்டுக்கொண்டேன். கடைக்குள்ளா? துணி விரித்த மெத்தை மேல் செருப்பா? அப்பா போட்ட சட்டம். அது நடக்காது என்றேன். நான் கழற்றி வைத்ததை அவள் அட்டைப்பெட்டியில் திரும்பப் போட்டு மூடினாள். நான் கடை வாசலில் பழைய செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைக்கும்போது ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கடைப் பக்கமே வராதவள். அந்த அட்டைப்பெட்டியோடு நேராக உள்ளே போனாள். பெட்டியைப் பிரித்து, செருப்பை எடுத்து, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள், தையலை இழுத்துப் பார்த்தாள். லட்சுமி படத்துக்குக் கீழே இருந்த கிண்ணத்தில் மோதிர விரலைத் தொட்டு, இரண்டு செருப்பின் ஓரத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்தாள்.

பச்சையைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு மாமி, ஐயய்யோ செருப்புக்கா மஞ்சள் வைக்கறேள் என்றாள். இவள் அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"பிரிச்சுப் பார்த்துட்டேன், சரக்கு நல்லா இருக்கு. மஞ்சளும் வெச்சாச்சு. போட்டுக்கிட்டு உள்ள வாங்க."

விரலில் மிச்சம் இருந்ததைத் தன் கன்னத்தில் தடவிக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெள்ளை விரிப்பின் மேல் ஏறினேன்.